தரகு கேட்காதவன்

எழுபதுகளில் தூத்துக்குடியில் நான் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக அலைந்தேன். அலைந்தேன் என்பதுதான் சரியான சொல். சைக்கிளை மிதித்துக்கொண்டு பக்கத்து மீனவ ஊரான தருவைகுளத்துக்குள் நுழைந்தால் ஆண்கள் கடற்கரைப் பக்கம் நழுவுவார்கள். பெண்கள், "அவுக இல்லியே" என்பார்கள். சாவைப் பற்றிப் பேசிச் சோறு தின்கிறவனுக்கு வேறென்ன மரியாதை கிடைக்கும்?

அங்கே என் பேச்சுக்குத் தலையாட்டிப் பாலிசி எடுத்த ஒரே ஆள், கொழும்புக்குப் போகும் தோணியில் வேலை பார்த்தவர். தோணியில் சரக்கு ஏற்றும்போது தவறி விழுந்து இறந்துபோனார். நடையாய் நடந்து பாலிசிப் பணத்தை அவர் மனைவிக்கு வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கும் பள்ளிக்கூடம் போகும் மகளுக்கும் அதைவிட்டால் வேறு கதி இல்லை.

முதலைத் தொடாமல் தபாலாபீசில் போட்டு வட்டியை வைத்துச் சாப்பிட்டால் மகளை ஆளாக்கிவிடலாம். புது பாலிசி எடுத்தால் வருடா வருடம் கட்ட அவளுக்கு வருமானம் ஏது? இதைச் சொல்லத்தான் போனேன். அது வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம் வேறு. ஆபீசில் கொடுத்த டார்கெட்டில் எனக்குப் பாதிகூட முடியவில்லை. இவள் பாலிசி எடுத்தால் அதில் கொஞ்சம் ஏறும், எனக்குக் கமிஷனும் வரும். இருந்தாலும் சொன்னேன்.

"தபாலாபீசுல போட்டா உங்களுக்கு என்ன கெடைக்கும் அண்ணாச்சி?"

"எனக்கு ஒண்ணும் கெடைக்காது தங்கச்சி."

அந்த வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது. கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர் தன் பங்கை எல்லார் கண்முன்னாலும் எடுத்துக்கொள்வார். ஏதாவது கோளாறு என்றால் மறுநாள் அவர் சட்டையைப் பிடிக்கலாம். பங்கே வேண்டாம் என்கிறவனை எதைச் சொல்லிப் பிடிப்பது? அவளுடைய அண்ணன் வாசலிலிருந்தே, "ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுவுதோ?" என்றான்.

அடுத்த வாரம் இன்னொரு ஏஜெண்ட் போனார். மகள் கல்யாணத்துக்கென்று பெரிய பாலிசியாகப் போட்டு, தன் கமிஷனில் பாதியைத் தாயின் கையிலேயே கொடுத்தார். சட்டப்படி அது கூடாது. ஊரில் செய்யாதவன் இல்லை. இன்னது உனக்கு, இன்னது எனக்கு என்று பிரித்துக் காட்டியதால் அவர் யோக்கியராகிவிட்டார். நானோ கள்ளன்.

கையிலிருந்ததை அரித்து அவள் இரண்டு வருடம் கட்டினாள். மூன்றாவது வருடம் முடியவில்லை. மூன்று வருடமாவது கட்டாத பாலிசிக்குச் சல்லிக்காசு திரும்பாது. கேள்விப்பட்டு நான் போவதற்குள் பணம் கட்டும் கெடுவெல்லாம் தாண்டியிருந்தது. மகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மீன் காயப்போடப் போய்க்கொண்டிருந்தாள். பார்க்கவே ஆற்றாமையாக இருந்தது.

பாலிசி போட்டுக்கொடுத்த ஏஜெண்டை அவள் ஒரு வார்த்தை வையவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு அஞ்சு ரூவா குடு, நல்ல வழி சொல்லுதேன்னு அன்னைக்கே கேட்டிருந்தா உங்க பேச்சத்தான கேட்டிருப்பேன்! ஒண்ணும் வேண்டாம்னு சொன்னா நான் எப்பிடி அண்ணாச்சி நம்புவேன்?"

சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு யாரைத் தபாலாபீசுக்கு அனுப்பினாலும் ஐந்து ரூபாய் கேட்டு வாங்கினேன். மறுபேச்சில்லாமல் போய்ப் போட்டார்கள். அவளிடம்தான் கேட்காமல் போனேன்.