சாக்கு மாற்றும்போது தொலைந்த பெயர்

விரல்கள் விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு ஃபைலுக்குப் புதுப் பெயர் கொடுத்து, புது ஃபோல்டரில் வைத்து, உள்ளே கோணலாகக் கிடந்த வரிகளையும் ஏறக்குறைய முழுக்க மாற்றி, அத்தனையையும், யார் எப்போது எதை மாற்றினார் என்று பதிந்துவைக்கும் 'கிட்' மென்பொருளில் ஒரே கமிட்டாக, ஒரே பதிவாகப் போட்டு முடித்தன.

மலர்விழியின் பழக்கம் அது. அம்மாவோடு மண்டிக்குக் கூலிக்குப் போன காலத்தில் படிந்தது. சாமையைச் சாக்கு மாற்றும்போதே புடைத்துவிட வேண்டும்; இரண்டு தரம் கொட்டி அள்ளினால் இடுப்பு போய்விடும். கம்ப்யூட்டர் வேலையைத் தானாகக் கற்றுக்கொண்ட பிறகும் அது கையை விட்டுப் போகவில்லை.

பக்கத்தில் அபிநயா பையை மாட்டியபடி நின்றாள். வெள்ளிமலையில் சாமை எடை போடும்போது ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்று கணக்குப் போடும் அந்த ஃபைலை மூன்று வருடமாக எழுதித் திருத்தியவள். நாளை சேலத்தில் அவளுக்கு நேர்காணல். அவளே எழுதியது என்பதை ஃபைலின் வரலாற்றில் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்றுதான் மலர்விழி ஒழுங்குபடுத்தினாள்.

"ஒருவாட்டி தெறந்து காட்டுக்கா."

ஃபைலின் பெயர் மாறியிருந்தாலும் பின்தொடர்ந்து காட்டும்படி கேட்டு, மலர்விழி வரலாற்றைத் திறந்தாள். ஒரே ஒரு வரி வந்தது. இன்றைய தேதி. மலர்விழியின் பெயர்.

"இன்னாக்கா இது? பெத்தது நானு, பேரு உங்குளுதா?"

"உன் பேர நான் தொடவே இல்லடி." பெயர் மாற்றுவதற்கென்றே உள்ள கட்டளையைத்தானே கொடுத்தாள்?

கையேட்டைத் திறந்து வரி வரியாகப் படித்தாள். எந்தக் கட்டளை கொடுத்தாலும், ஃபைல் இடம் மாறியதைக் கிட் எங்கேயும் குறித்துவைப்பதே இல்லை. காணாமல் போனதையும் புதிதாக வந்ததையும் பிறகு ஒப்பிடுகிறது. பாதிக்கு மேல் ஒத்துப்போனால் இது அதுதான் என்று ஊகிக்கிறது. அவளோ அடையாளமே தெரியாமல் புடைத்திருந்தாள். ஒன்று செத்தது, வேறொன்று பிறந்தது என்று அது நினைத்துவிட்டது. இத்தனை வருடம் இது தெரியாமலா வேலை செய்தோம்?

"அப்ப என்னுது போயே பூட்ச்சா?"

"போவல. பழைய பேருல பத்திரமா கீது. புதுசுக்கு அத அடையாளம் தெரில."

நல்லவேளை, கமிட்டை அவள் இன்னும் எங்கும் அனுப்பவில்லை. அதைக் கலைத்தாள். முதலில் பெயரையும் இடத்தையும் மட்டும் மாற்றினாள்; உள்ளே ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் கமிட் போட்டாள். பிறகுதான் வரிகளைத் திருத்தித் தனியாக இன்னொன்று போட்டாள். மறுபடி வரலாற்றைக் கேட்டாள்.

திரை நிறைய அபிநயாவின் பெயர் இறங்கிக்கொண்டே போனது.

"மேல ரெண்டு வரி மட்டும் உங்க பேருல நிக்குதே."

"அது சாக்கு மாத்தி, புடைச்ச கூலிடி" என்று சொல்லி, எல்லாவற்றையும் வரலாற்றோடு பென் டிரைவில் ஏற்றி, கழற்றி அபிநயாவின் உள்ளங்கையில் வைத்தாள்.