கூலிங் டவரைப் பார்த்து இறங்கியவள்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாயைப் பற்றி நெய்வேலி மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ் சரியில்லை என்று சண்டைக்கு வந்தவள், இன்னொரு பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டுப் போவாள். அப்பேர்ப்பட்ட வாய் ஜெர்மனியில் எனக்கு உதவவே இல்லை.

போனது தங்கச்சியின் இரண்டாவது பிரசவத்துக்கு. அம்மா இல்லை, நான்தான் போயாக வேண்டும். தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறார்கள் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் படிக்கிற நீங்கள் அதிலேயே நின்றுவிடுவீர்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது. நான் விமானத்தில் இருக்கும்போதே அவளுக்கு வலி கண்டுவிட்டது. என்னை அழைத்துப்போக வரவேண்டிய அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

ஏர்போர்ட்டின் இலவச வைஃபையில் அவர் செய்தி வந்து விழுந்தது. எந்த ரயில், எந்த ஸ்டேஷன் எல்லாம் இருந்தது. ஸ்டேஷனுக்கு எதிரிலேயே குழந்தைகள் பள்ளி. ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள், பெரியவளை நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும், சொல்லி வைத்திருக்கிறேன், பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும் என்று எழுதியிருந்தார். அந்த ஊருக்கு அவர்கள் புதிதாகக் குடிபோனவர்கள், உதவிக்குக் கூப்பிட ஒரு ஆள் கிடையாது.

பெரியவளுக்கு நாலு வயசு. என்னைப் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது இங்கே சுரங்கத்தின் ஷிப்டு சங்கு ஊதும். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். மைன்ஸ் டூட்டிக்குக் கிளம்பும் என் வீட்டுக்காரரைக் காட்டி, “சங்கு ஊதிடுச்சு, பெரியப்பா லேட்டு” என்பேன். அவளும் அதையே திருப்பிச் சொல்லிச் சிரிப்பாள்.

ரயிலில் சரியாகத்தான் ஏறினேன். ஏர்போர்ட்டைத் தாண்டியதும் போனில் சிக்னல் போய்விட்டது. நெய்வேலியில் காசு கட்டிப் போட்ட வெளிநாட்டு ரீசார்ஜ் வேலை செய்யவில்லை. ஒலிபெருக்கியில் ஒருத்தி கடகடவென்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குத் துணைக்கு இருந்தது போன வாரம் தங்கச்சி சொன்ன ஒரே ஒரு பேச்சு.

“பயப்படாதக்கா. ஜன்னல் வழியா பாத்துகினே வா. நம்ம ஊரு மாதிரியே இங்கயும் கூலிங் டவர் தெரியும். அங்க எறங்கிடு.”

அவள் இருக்கும் ஊரும் நெய்வேலி போலப் பழுப்பு நிலக்கரி எடுத்துக் கரண்டு தயாரிக்கும் ஊர், அனல்மின் நிலையத்தின் ராட்சத டவர்கள் தூரத்திலேயே தெரியும். நான் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தேன். காடு வந்தது, வயல் வந்தது, பிறகு வானத்தில் டவர்கள், மேலே வெள்ளைப் புகை. அப்படியே நம்ம ஊர். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பலகையில் என்ன பெயர் என்றுகூடப் பார்க்காமல் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ரயில் போனபின் பார்த்தால் எதிரே பள்ளியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு முள்வேலி, அதற்கப்புறம் வயல். பலகையில் இருந்த பெயரையும் போனில் இருந்த பெயரையும் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். சம்பந்தமே இல்லை. சுரங்கம் இருக்கிற சீமையில் ஒரே இடத்தில்தான் டவர் இருக்கும் என்று எவன் சொன்னான்? நெய்வேலியிலேயே இங்கே நாலு, அங்கே நாலு என்று நிற்கவில்லையா? தலையில் அடித்துக்கொண்டேன்.

அங்கே ஸ்டேஷன் மாஸ்டரும் இல்லை, டீக்கடையும் இல்லை. கண்ணாடிக்குள் ஒட்டியிருந்த அட்டவணையில் எண்கள் மட்டும் புரிந்தன. அடுத்த ரயில் ஐந்துக்கு மேல்தான். நாலு வயசுக் குழந்தை ஒரு வாசலில் எனக்காக நிற்கப்போகிறது என்று நினைத்ததும், யாராவது கண்ணில் படுகிறார்களா என்று பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன்.

அப்போது சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் கார் நிறுத்தியிருந்த பக்கம் நடந்தாள். ஓடிப்போய் மறித்துப் போனை நீட்டினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கொட்டினேன். அவளுக்கு அதுவும் தெரியவில்லை. போனைப் படித்தாள், தூரத்துப் பக்கம் கையைக் காட்டினாள், இரண்டு விரலை நீட்டினாள். இன்னும் இரண்டு ஸ்டேஷன். குழந்தை உயரத்துக்குக் கையைத் தாழ்த்தி, பிறகு மணிக்கட்டைத் தட்டிக் காட்டினேன். அவள் கார் கதவைத் திறந்துவிட்டாள்.

முன்பின் தெரியாதவர் வண்டியில் ஏறாதே என்று கடைக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் நான். ஏறிவிட்டேன்.

கொஞ்ச தூரம் தண்டவாளத்தை ஒட்டியே போன கார், திடீரென்று எதிர்ப்பக்கம் திரும்பிக் காட்டுக்குள் போனது. அவள் விரல் காட்டிய திசை எனக்கு நன்றாக நினைவிருந்தது. இது அது இல்லை. “எங்கம்மா போற?” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை. கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன், தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

காடு முடிந்தது. இடப்பக்கம் பூமியே இல்லை. அடி தெரியாத பள்ளம், தட்டுத் தட்டாக இறங்கும் மண், கீழே மண் வெட்டும் ராட்சதச் சக்கர மெஷின். பள்ளத்துக்கு அந்தக் கரையில் ஒரு ஊர் தெரிந்தது, அதன் பின்னால் இன்னும் சில டவர்கள். எனக்கு மூச்சு வந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்து வடக்குத்து கிராமத்துப் பக்கம் எத்தனை ரோட்டை இப்படிச் சுரங்கம் தின்றிருக்கிறது! கண்ணுக்கு எதிரே இருக்கிற ஊருக்கு நாமும்தான் சுற்றிக்கொண்டு போகிறோம். அவள் சரியான வழியில்தான் போகிறாள். பாவம், அவளைப் போய் மனசுக்குள் என்னவெல்லாம் திட்டிவிட்டேன்.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து தாண்டிவிட்டது. விளக்கெல்லாம் அணைந்து, வாசலில் ஒரு டீச்சரும் குழந்தையும் மட்டும். பாஸ்போர்ட்டை நீட்டினேன். டீச்சர் அதைப் பார்த்தார், கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார். சீட்டை எட்டிப் பார்த்தேன். தங்கச்சி வீட்டுக்காரர் என்னை வீட்டில் கூப்பிடும் பெயரைக் கொடுத்திருக்கிறார்! நல்ல மனுஷர். என் பாஸ்போர்ட் பெயரைக் கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் யாரும் சொன்னதே இல்லை, அவருக்கு எப்படித் தெரியும்? டீச்சர் அவருக்குப் போன் போட்டார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவர் எடுக்கவில்லை.

சிவப்புக் கோட்டுக்காரி எனக்காக ஏதோ வாதாடினாள். டீச்சர் மசியவில்லை. குழந்தையிடம் என்னைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார். கேள்வி எனக்குப் புரிந்தது. தங்கமே, பட்டு என்று கூப்பிட்டேன். கலைந்த தலையும் வீங்கிய கண்ணுமாக நின்ற என்னைப் பார்த்து, அவள் டீச்சரின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். டீச்சர் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குழந்தையை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தத் திரும்பினார்.

அப்படியே வாசலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, எங்கள் ஊர் சங்கு மாதிரியே அடிவயிற்றிலிருந்து ஊதினேன். டீச்சர் பயந்து பின்வாங்கினார். மூச்சு தீரும்வரை நிறுத்தவில்லை.

காலுக்குப் பின்னாலிருந்து முதலில் தலை வந்தது. என்னையே உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாக, இரண்டு கையும் காதுக்குப் போயின.

“சங்கு ஊதிடுச்சு. பெரியம்மா லேட்டு.”

ஆமாண்டி, லேட்டுதான் என்று சொல்ல வந்தேன், வாய் வரவில்லை. டீச்சர் குழந்தையின் பையை எடுத்து என் தோளில் மாட்டிவிட்டார்.