பிச்சையம்மாள் போட்ட முதல் வெட்டு

அல்லிநகரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு பிச்சையம்மாளுடையது. அவள் கிண்டிய பூசணி அல்வாவைத் தின்றவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி எச்சில் விழுங்குவார்கள். அதற்காக அவள் வாங்கிய அடியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் திறப்பேன், எனக்கென்ன பயம்?

முழுப் பூசணியில் பொம்பளை முதல் வெட்டுப் போட்டால் புருஷனுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆம்பளை அரிவாளால் ஒரு போடு போட்டுப் பிளந்து கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் நம் பாடு. என் வீட்டுக்காரர் பிளந்து கொடுத்துவிட்டுத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். பிச்சையம்மாள் புருஷன் ஒச்சாண்டி இருக்கிறானே, பாவி! அவள் காயைச் சுமந்துகொண்டு போய் நிற்க வேண்டும், கெஞ்ச வேண்டும், கன்னத்தில் ஒன்று வாங்க வேண்டும். அப்புறம்தான் அரிவாளைத் தொடுவான்.

அது யுத்தகாலம். சீனி கண்ணில் படவில்லை, அவள் வெல்லத்திலேயே கிண்டப் பழகியிருந்தாள். அந்த ஐப்பசியில் அவள் மகள் ராஜாத்தி, மயிலாடும்பாறையில் இருந்த புருஷன் வீட்டைவிட்டு ஓடிவந்தாள். முதுகைக் காட்டினாள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இழுத்த தடங்கள், சீழ் பிடித்துக் கிடந்தன. 

"திரும்பிப் போனா கொன்னே போடுவாக ஆத்தா" என்று தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஒச்சாண்டிக்கு மகளின் முதுகைவிட ஊர்வாய் பெரிதாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு ஆள் அனுப்பினான். மாப்பிள்ளை வரும் நாளன்று, யாரும் கெஞ்சாமலே பூசணியைப் பிளந்து அடுப்படியில் போட்டான்.

"மாப்ள வர்றாக. அல்வா கிண்டுடி. தின்னுட்டு இவளக் கூட்டிட்டுப் போகட்டும்."

பிச்சையம்மாள் காயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். துருவினாள், துணியில் கட்டிப் பிழிந்தாள், நெய்யில் வதக்கி வெல்லத்தைப் போட்டாள். நான் விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். அல்வா திரண்டு, குமிழ் விட்டுத் தெறித்தது. வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டதும், ராஜாத்தி ஓடிவந்து அடுப்படி மூலையில் ஒண்டினாள்.

பின்னாலேயே ஒச்சாண்டி வந்தான். தலைமயிரைப் பிடித்து இழுத்தான். அவள் ஆட்டுரலைக் கட்டிக்கொண்டாள். முதுகில், அந்தப் புண்ணிலேயே மிதித்தான். அய்யோ, அந்தப் பிள்ளை போட்ட அலறல்!

"வரமாட்டியா? இங்கனயே வெட்டிப் போட்டுர்றேன்டி!" பூசணி பிளந்த அரிவாளை எடுத்து ஓங்கினான்.

பிச்சையம்மாள் துடுப்பு நிறைய அல்வாவை அள்ளி, ஓங்கிய அந்தக் கையில் அப்பினாள். கொதிக்கிற வெல்லம், உதறினால் விழுமா? அரிவாள்தான் விழுந்தது. அவன் தரையில் உருண்டு இடது கையால் வழித்தான். தோலும் சேர்ந்து வந்தது.

சத்தம் கேட்டு மாப்பிள்ளை எட்டிப் பார்த்தான். அவள் மறுபடியும் சட்டிக்குள் துடுப்பை விட்டாள்.

"வாங்க மாப்ள. சூடா இருக்கு, திங்கிறீகளா?"

வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவன்தான், அப்புறம் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

ஒச்சாண்டியின் வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டுவிட்டன. சோற்றை இடது கையால் அள்ளித் தின்றான். தை பிறந்தபோது கூரைமேல் படர்ந்த கொடியில் ஒரு பூசணி விளைந்து கிடந்தது. ராஜாத்தி அல்வா கேட்டாள். புண் ஆறி, அந்தப் பிள்ளை வாய்விட்டு எதையாவது கேட்டதே அன்றுதான்.

"மதினி, எங்க வீட்டுக்காரர வரச் சொல்லவா? ஒரு வெட்டுப் போட்டுக் குடுப்பாக" என்றேன்.

பிச்சையம்மாள் காயை முற்றத்தில் வைத்து அரிவாளை எடுத்துவந்தாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒச்சாண்டிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏய், வேணாம்டி. பொம்பள வெட்டுனா எனக்கு ஆகாதுடி."

"தெரியும்" என்றாள் பிச்சையம்மாள், அவன் முகத்தைப் பார்த்தபடியே காயில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.