மாடியில் முடியாத மெட்டு

செல்லூரில் எங்கள் வீட்டுக்கு எதிர்மாடியில்தான் அந்த இசைக்குழு ஒத்திகை பார்க்கும். சந்து அம்புட்டுக் குறுகல். அங்கே வாசிப்பதும் எங்கள் வீட்டுக்குள் வாசிப்பதும் ஒன்றுதான். எழுபதுகளின் தொடக்கம் அது. நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, அப்பாவின் தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். ராட்டையைச் சுழற்றி நூலைச் சின்னக் குழல்களில் ஏற்றுகிற வேலை. நிறுத்திவிட்டு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. நிறுத்தியவர்கள் வீட்டார்.

விளக்கு வைத்ததும் எதிரே அக்கார்டியன் தொடங்கும். பின்னாலேயே கிடார், பாங்கோஸ். பெரும்பாலும் சினிமாப் பாட்டுகள்தான். ஆனால் அவர்களே கட்டிய மெட்டு ஒன்றும் இருந்தது. பாட்டு வரி கிடையாது, வெறும் வாத்தியம். கச்சேரி முடிவில் அதைத்தான் வாசிப்பார்கள். எனக்கு அந்த மெட்டு என்றால் உயிர். கொஞ்சம் ஏறும், திரும்பும், மறுபடி ஏறும். இப்போது என்ன ஆகப்போகிறதோ என்று நான் ராட்டையை நிறுத்திக் காதைத் தீட்டுகிற இடத்தில் பட்டென்று விட்டுவிடுவார்கள். ஒத்திகையில் அதற்கு மேல் வாசிப்பதில்லை என்பது அவர்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு.

"இங்கனயே முடிச்சுட்டா அப்பறம் மேடை கெடைக்காது மாப்ள" என்று அக்கார்டியன்காரர் பாங்கோஸ்காரரிடம் சொன்னது சன்னல் வழியாக எனக்கே கேட்டது.

மிச்சத்தைக் கேட்க வேண்டுமானால் கச்சேரிக்குப் போக வேண்டும். கச்சேரிக்கு அண்ணன் போவான். வயசுக்கு வந்த பிள்ளை நான் போகக் கூடாது. மறுநாள் காலையில் அவன் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்து, "கடைசி மெட்டு எப்படிண்ணே முடிஞ்சுச்சு?" என்று கேட்பேன்.

"நல்லா முடிஞ்சுச்சு" என்பான்.

"எப்படின்னு பாடிக் காட்டுண்ணே."

"போ பிள்ள, வேற சோலி இல்ல ஒனக்கு."

அவனை அங்கே அனுப்பியதும், என்னை இங்கே உட்கார வைத்ததும் எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பல் இருக்கிறவன் பக்கோடா தின்பான் என்பார்கள். காது இருந்தவளுக்குக் கச்சேரி கிடைக்கவில்லை.

வேறு வழியில்லாமல் முடிவை நானே போட்டுக்கொண்டேன். ராட்டைச் சத்தத்துக்கு அடியில், அடுத்த அறைக்குக் கேட்காதபடி முணுமுணுப்பேன். என் முடிவில் அந்த மெட்டு ஏறிய உயரத்திலிருந்து மெல்ல மெல்ல இறங்கி, ஓசையில்லாமல் அடங்கிவிடும். கல்யாணமாகி அவனியாபுரம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மாவு ஆட்டும்போது முணுமுணுப்பேன், பிள்ளையைத் தூங்க வைக்கும்போதும் முணுமுணுப்பேன். அது என்ன பாட்டு என்று வீட்டுக்காரர் ஒருநாளும் கேட்டதில்லை.

எண்பதுகளின் கடைசியில், வீட்டுக்காரரின் பங்காளி மகளுக்குக் கல்யாணம். சாயங்கால வரவேற்பில் மண்டபத்துக்குள் நுழைந்ததும், மாலை போட்டிருந்த மணமக்களை நான் பார்க்கவில்லை. பக்கத்துச் சின்ன மேடையில் ஒருவர் அக்கார்டியனை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்மாடி வீட்டு வாசலில் நான் அன்றாடம் பார்த்த முகம். தலை முழுக்க நரைத்திருந்தது. பாங்கோஸ்காரர் தொப்பை வைத்திருந்தார். கிடார் வாசிப்பவர் மட்டும் புது ஆள். சேலையைச் சரிசெய்துகொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டார் உட்கார வேண்டிய நாற்காலி அது. யாராவது எழுப்பட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

புதுப்படப் பாட்டாகத்தான் வாசித்தார்கள். யார் கேட்டார்கள்? வந்தவர்கள் போட்டோவுக்கு நின்றார்கள், பந்திக்கு ஓடினார்கள். கடைசிப் பந்தி போடும் நேரத்தில் என்னைச் சுற்றிக் காலி நாற்காலிகள்தான். வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து கூப்பிட்டுவிட்டார். அப்போது பெண்ணின் பெரியப்பா மேடைப் பக்கம் வந்தார்.

"போதும்ணே. கடைசிப் பந்தி ஒக்காந்தாச்சு. எடுத்துக் கட்டிட்டுச் சாப்பிட வாங்க."

அக்கார்டியன்காரர் தலையை ஆட்டிவிட்டுத் தோள்வாரைக் கழற்றக் கை வைத்தார். நான் எழுந்துவிட்டேன். அத்தனை பெரிய மண்டபத்தில் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"அண்ணே, அந்தக் கடைசி மெட்டு இன்னும் வாசிக்கலையே."

"எந்த மெட்டும்மா?"

பாடிக் காட்டினேன். வாய்விட்டு, அந்த இடம் வரைக்கும். அவர் கை வாரிலேயே நின்றுவிட்டது. பாங்கோஸ்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது நம்ம பயக தவிர யாருக்கும் பாடத் தெரியாதே. ஒனக்கு எப்படித் தெரியும் தங்கச்சி?" என்று கேட்டார் அக்கார்டியன்காரர்.

"செல்லூர்ல ஒங்க மாடிக்கு எதுத்த வீடுண்ணே. தறிக்காரர் மக. நீங்க தெனமும் பாதியிலயே விட்டுட்டுப் போயிருவீங்க. நான் இன்னும் அந்தப் பாதியிலதான் நிக்கிறேன்."

பெரியப்பா, "சோறு ஆறுது" என்றார். "ஆறட்டும் மாமா" என்றேன். என் புகுந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. இனிக்கத்தான் செய்தது.

அக்கார்டியன்காரர் சிரித்தார். "மேடை இது. இங்க முடிக்கலாம்" என்று சொல்லி வாரை மறுபடி தோளில் ஏற்றினார்.

கொஞ்சம் ஏறியது, திரும்பியது, மறுபடி ஏறியது. அந்த இடம் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மெட்டு இறங்கவில்லை. இன்னும் மேலே போனது. பாங்கோஸ் அதிர, கிடாரும் சேர, இருந்த வாத்தியமெல்லாம் ஒன்றாக முழங்கி, மண்டபத்துக் கண்ணாடிகள் கிடுகிடுக்க, உச்சத்திலேயே நின்று முடிந்தது. பந்தியிலிருந்து ஆட்கள் எச்சில் கையோடு ஓடிவந்து பார்த்தார்கள். அடக்க ஒடுக்கமாக முடிகிற மெட்டே இல்லை அது. இத்தனை வருடம் நான்தான் அதை அடக்கி வைத்திருந்தேன்.

கைதட்டினேன். நான் ஒருத்திதான் தட்டினேன், ஆனால் ஒரு கூட்டமே தட்டுகிற அளவுக்குத் தட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

வீட்டுக்காரர் எச்சில் கையோடு பக்கத்தில் வந்து நின்றார். "இது நீ மாவாட்டும்போது பாடுறதுல்ல?" என்றார்.

"ஆமா. முடிவைத் தப்பாப் பாடிக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, சரியான முடிவை மண்டபமே கேட்கிற மாதிரி ஒருதரம் பாடினேன்.