சிடுக்குவாயன்

சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருப்பவனுக்கு விடிவதே சாக்கடையில்தான். உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து அருவியில் குளிப்பவர்கள், மிச்சத்தை நம் குளியலறையில் சீயக்காய் போட்டுக் கழுவுவார்கள். காலையில் குழாய் அடைத்துக்கொள்ளும். கம்பியை விட்டு இழுத்தால் எண்ணெயும் முடியுமாக ஓர் உருண்டை வரும். உவ்வே! அதைப் பார்த்த பிறகு எனக்கு இட்லி இறங்கியதே இல்லை.

அன்று எங்கள் வீட்டு வாளியிலேயே அப்படியொன்று கிடந்தது. முழங்கை நீளம், கொழகொழவென்று. ரூம் பையன்களைத் திட்டிக்கொண்டே பின்பக்கச் சாக்கடை வாறுகாலில் கொட்டினேன்.

மகள் ஓடி வந்தாள். "யப்பா, வாளியில கெடந்தது எங்க?"

"வாறுகால்ல. ஏம்ட்டி?"

"அய்யோ, அது என் சிடுக்குவாயன்பா!"

சென்னையில் அனிமேஷன் படிக்க அவளுக்கு ஆசை. இன்னும் அரைமணியில் வீடியோவில் நேர்காணல். கடல் ஏறி நம் மலையெல்லாம் மூழ்கி, கோடி வருஷம் போனால், காட்டு அட்டை எப்படி மாறியிருக்கும்? அதைக் கற்பனை செய்து ஓர் உருவம் செய்திருந்தாள்; அதுதான் சிடுக்குவாயன். சலூன் முடி, காய்ச்சிய கடற்பாசி, எண்ணெய். காயாமலிருக்க வாளியில் போட்டிருந்தாளாம். அதைக் காட்டினால்தான் சீட்.

"இந்தக் கண்றாவிக்கா சீட்டு குடுக்கான்?"

"எடுத்துத் தாங்கப்பா." அழுதுவிட்டாள்.

வாறுகாலில் கையை விட்டேன். வந்தது நிஜ அடைப்பு. அடுத்ததும் அதே.

"இது இல்ல. நம்மதுக்குப் பல்லு உண்டு."

பல்லாம்! ஒருவழியாக, வெள்ளரி விதைப் பல்லோடு அந்தச் சனியன் கையில் வழுக்கியது. நடுமுதுகு ஒடிந்திருந்தது. ஒட்ட நேரமில்லை. மேஜைக்கடியில் உட்கார்ந்து, முகம் தெரியாமல், போன் கேமரா முன்னால் இரண்டு கையாலும் அதைத் தூக்கித் தாங்கிப் பிடித்தேன். எண்ணெய் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

போனில் நேர்காணல் எடுத்த ஓர் அம்மாள் கேட்டார்: "இது என்ன சாப்பிடும்?"

"மீனெல்லாம் கழிக்கிறதைத்தான் தின்னும் மேடம்."

"ச்சீ... அடியில நரைமுடியோட சுருங்கித் தெரியுதே, அது என்ன?"

என் விரல்கள். இழுத்துக்கொண்டால் சிடுக்குவாயன் விழுந்துவிடும். மகள் குனிந்து என் விரல்களைப் பார்த்தாள்.

"அதுவும் இதோட உடம்புதான் மேடம். அது இல்லன்னா இது முங்கிப் போகும்."

வாந்தியும் அழுகையும் சேர்ந்து வந்தன. கையை மட்டும் நான் அசைக்கவில்லை.