பின்சீட்டில் ஏறிய எட்டு வகைச் சொல்

ஜீப்பு ஓட்டுறவனுக்குக் கண்ணு ரோட்டுல இருக்கணும், காது பின்சீட்டுல இருக்கணும். போடியிலிருந்து போடிமெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திப் போற எங்க தொழிலில், வளைவுக்கு வளைவு பேச்சும் திரும்பும். யார் வீட்டு மருமகள் கோவிச்சுக்கிட்டுப் போனாள், எந்தத் தோட்டத்தில் அட்டைக்கடி அதிகம், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பின்சீட்டில் ஒருநாள் இங்கிலீஷ் இலக்கணம் ஏறி உட்காரும்னு நான் நினைக்கவே இல்லை. நான் நாலாப்போடு நின்னவன். இங்கிலீஷ் பீரியடில் பெஞ்சு மேல நின்னவங்க உங்களில் இருந்தால், கொஞ்சம் தள்ளி எனக்கும் இடம் குடுங்க. இது நம்ம கதை.

ஏத்திவிட்டவள் தமயந்தி. காய் எடுக்கிற வேலை, முப்பது தாண்டின வயசு. பத்தாவதில் இங்கிலீஷ் மட்டும் போய், அப்படியே கல்யாணமாகி மலை ஏறினவள். தோட்டத்தில் பூச்சிமருந்து அடிச்சால் அவளுக்கு மூச்சு இழுக்கும். வண்டியை நிறுத்தி, அவள் மூச்சு சீராகிற வரைக்கும் நாங்க எல்லாரும் காத்திருந்ததும் உண்டு. அவள் தெருவை ஒட்டின அங்கன்வாடியில் உதவியாளர் இடம் காலியாகப் போகுது, பத்தாவது பாஸாயிருந்தால் மனுப் போடலாம்னு தெரிஞ்சதும் தனியாப் பரீட்சைக்குப் பணம் கட்டிட்டாள். புருஷன், "இந்த ஒரு தடவைதான்" என்று கறாராகச் சொல்லிவிட்டான். வீட்டில் படிக்க நேரமில்லை. கைடைத் தாள் தாளாகக் கிழிச்சு மடியில் வச்சுக்கிட்டு, செல்போன் வெளிச்சத்தில் என் ஜீப்பில் படிக்க ஆரம்பிச்சாள்.

நௌன்

ஆள், ஊர், சாமான், எதற்கெல்லாம் பேர் இருக்கோ அதெல்லாம் நௌன் என்று தமயந்தி சத்தமாகப் படிச்சாள். பக்கத்தில் பேச்சியக்கா. வெத்திலை போட்ட வாய், எதையும் ஒருதரம் இழுத்துப் பார்க்காமல் விடாது. "அப்ப நானு?" என்றாள். "நீங்களும் நௌன்தான்க்கா." "இந்தத் தூக்குச்சட்டி?" "அதுவும் நௌன்." "டிரைவரண்ணே?" "அவரும்தான்."

முந்தல் செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் டார்ச்சை உள்ளே அடிச்சு, "எத்தனை பேருய்யா ஏத்தியிருக்கே?" என்று கேட்டார். அளவுக்கு மேலதான் ஏத்தியிருந்தேன். பேச்சியக்காதான் தலையை நீட்டி, "ஆளு கொஞ்சந்தான் சார், மிச்சமெல்லாம் நௌனு!" என்றாள்.

புரோனௌன்

பேருக்குப் பதிலாக வர்ற சொல் புரோனௌன். இதற்குத் தமயந்தி உதாரணமே சொல்ல வேண்டியதில்லாமல் போச்சு. எங்க பக்கம் வயசான பொம்பளைக புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க. 'அவுக', 'எங்க வீட்டு ஆளு' என்றே காலம் ஓடிரும். "அடியே, தாலி ஏறின நாள்லருந்து நான் புரோனௌன்தானே பேசிக்கிட்டு இருக்கேன்" என்று பேச்சியக்கா பூரிச்சுப் போனாள்.

அப்புறம் ஒரு சந்தேகம். 'ஹீ' என்றால் அவனா, அவரா? ரெண்டுக்கும் ஒரே சொல்தான் என்றாள் தமயந்தி. பேச்சியக்கா ஒரு வளைவு முழுக்க யோசிச்சாள். "நல்ல வசதிதான். எங்க வீட்டுல காலையில அவரு, சாயங்காலம் குடிச்சிட்டு வந்தா அவன். வெள்ளைக்காரன் ஒரே சொல்லுல முடிச்சுப்புட்டானே!"

பிரிபொசிஷன்

'ஜீப்புக்குள்ள' என்று நாம சொல்றதை இங்கிலீஷில் 'இன் தி ஜீப்' என்று திருப்பிப் போடணுமாம். 'உள்ள' முதலில் வருது, ஜீப்பு கடைசியில்தான் வருது. தமயந்தி இதில் ரெண்டு நாள் திணறினாள். அந்த முடிச்சையும் பேச்சியக்காதான் அவிழ்த்தாள்: "வண்டி வர்றதுக்கு முந்தியே துண்டு போட்டு இடம் பிடிக்கிற சொல்லுன்னு வச்சுக்க, ஆத்தா."

வெர்பு

தோட்டத்துக்குப் புதுசாக ஒரு நர்சம்மா வந்தாங்க. கோழிக்கோட்டுப் பக்கம், தமிழ் அரைகுறை. எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ரத்த அழுத்தம் பார்த்தாங்க. "வீடு எவிடயா?" என்று பேச்சியக்காவைக் கேட்டாங்க. இவள் வாயில் வெத்திலை. ஊர்ப் பேரு 'போ'வா, விரட்டுற 'போ'வா, எது வெளியே வருதுன்னு அவளுக்கே தெரியாது. "போடி" என்றாள். நர்சம்மா முகம் சுருங்கிப் போச்சு. அடுத்தவளைக் கேட்டாங்க. அவளும் "போடி". அதற்கடுத்தவளும் "போடி". மலையாளத்திலும் அதற்கு அதே அர்த்தம்தானே! கருவியைச் சுருட்டிப் பைக்குள் வச்சுட்டாங்க.

தமயந்தி வரிசையை உடைச்சுக்கிட்டு ஓடினாள். "மேடம், மேடம்! அது வெர்பு இல்ல மேடம், நௌன்! ஊரு பேரு!" அந்தம்மாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரமாச்சு. விளங்கினதும் கண்ணில் தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க. ஒரே சொல், செய்ற சோலியைப் பொறுத்து வகை மாறும் என்று கைடில் போட்டிருந்த பாடம் அன்னைக்குத்தான் எங்க எல்லாருக்கும் புரிஞ்சுது. கிளம்பும்போது நர்சம்மா பேச்சியக்கா தோளைத் தட்டி, "சரி சேச்சி, போடிக்கு ஞான் வராம், ஆனா என்னைப் போடின்னு பறயாதே!" என்றாங்க.

கன்ஜங்ஷன்

ரெண்டு சொல்லைச் சேர்த்து வைக்கிறது கன்ஜங்ஷன். 'அண்டு' அதில் ஒண்ணு. அந்த வாரம் பேச்சியக்காவுக்கும் அவள் சம்பந்தி ராக்கம்மாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் தமயந்தி உட்கார்ந்து, இந்தப் பக்கத்துச் சேதியை அந்தப் பக்கம் கடத்திக்கிட்டு இருந்தாள். ராக்கம்மா வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "ஏ அண்டு, அந்தப் பக்கத்து நௌனைக் காலைத் தள்ளி வைக்கச் சொல்லு!"

இன்டர்ஜெக்ஷன்

பரீட்சைக்கு முந்தின வாரம் நல்ல மூடுபனி. கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து ஒரு லாரி என் பக்கமே வந்துருச்சு. பிரேக்கை ஏறி மிதிச்சேன். பின்னாடி 'ஆத்தாடி', 'முருகா', 'அய்யய்யோ' என்று ஒரே கூப்பாடு. ஆளுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனால் தமயந்தி கையிலிருந்த தாள் பறந்து பள்ளத்துக்குள் போயிருச்சு.

அவ்வளவுதான், அவள் உடைஞ்சு போனாள். "சகுனமே சரியில்ல. நான் எழுதல. பெயிலாகி அவருகிட்டப் பேச்சு வாங்குறதுக்கு இந்த மருந்து வாடையிலயே கெடந்துட்டுப் போறேன்." நான் வண்டியை ஓரங்கட்டினேன்.

பேச்சியக்காதான் மெதுவாகக் கேட்டாள். "அந்தத் தாளுல என்ன ஆத்தா இருந்துச்சு?"

"இன்டர்ஜெக்ஷன்."

"இன்ஜெக்ஷனா?"

"இல்லக்கா. திடுக்குன்னு வாயில வர்ற சொல்லு. ஆ, ஓ, அய்யோங்கிற மாதிரி..."

"அப்ப இப்பக் கத்துனோமே, அது?"

தமயந்தி மூக்கைத் துடைச்சாள். "அதான்க்கா அது."

"அப்புறம் தாளு எதுக்குடி? ஊசி குத்துனா சத்தம் தானா வருது. கண்ணைத் தொடச்சிட்டு அடுத்த தாளை எடு!"

அட்ஜெக்டிவ், அட்வெர்பு

பரீட்சை முடிஞ்ச சாயங்காலம் நாங்க மலையிலிருந்து இறங்கினபோது தமயந்தி ஸ்டாண்டில் நின்னுக்கிட்டு இருந்தாள். முகத்தைப் பார்த்தால் ஒண்ணும் தெரியலை. "'ஃபாஸ்ட்' எந்த வகைன்னு கேட்டுட்டாங்கண்ணே. வேகமான ஜீப்புன்னா அட்ஜெக்டிவ், ஜீப்பு வேகமாப் போச்சுன்னா அட்வெர்பு. ரெண்டுக்கும் அதே சொல்லு. அட்வெர்புன்னு எழுதிட்டேன். சரியா தப்பான்னு தெரியலண்ணே."

பேச்சியக்கா என் ஜீப்பை முன்னும் பின்னும் பார்த்துட்டுச் சொன்னாள்: "பரீட்சையில எப்படியோ, அண்ணன் வண்டிக்கு ரெண்டுமே பொருந்தாது ஆத்தா."

ரிசல்ட்டு

ரிசல்ட்டு வர்ற அன்னைக்கும் தமயந்தி வேலைக்கு வந்தாள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிச்சுரும் என்றாள். தோட்டத்தில் டவர் கிடையாது. அன்னைக்குப் பார்த்து மருந்தும் அடிச்சிருந்தாங்க. சாயங்காலம் ஏறும்போதே அவளுக்கு மூச்சு இழுத்தது.

போடிமெட்டில் டவர் கிடைச்சதும் போன் அடிச்சது. புருஷன். தமயந்தி போனைக் கையில் வச்சுக்கிட்டு எடுக்கவே இல்லை. பேச்சியக்கா வாங்கி, ஸ்பீக்கரைப் போட்டாள். "எங்கடி போய்த் தொலைஞ்ச? காலையிலருந்து அடிக்கிறேன்!" என்று அவன் கத்தினான். அப்புறம் குரல் தழுதழுத்துப் போச்சு. "பாஸுடி! இங்கிலீஷு பாஸு! கம்ப்யூட்டர் கடைக்காரர மூணு தடவை பாக்கச் சொன்னேன், மூணு தடவையும் பாஸுன்னுதான் வருது. வெரசா வா."

ஜீப்பே குலுங்குச்சு. ராக்கம்மா குலவை போட்டாள். தமயந்தி அழுததில் இழுப்பு இன்னும் கூடிப்போச்சு. பேச்சியக்கா அவள் முதுகைத் தடவிக்கிட்டே சொன்னாள்: "அழுதது போதும் ஆத்தா. கீழ போயி, ஒழுங்கா மூச்சு விட்டுப் பொழை."

அங்கன்வாடி வேலையும் கிடைச்சு, அவள் மலை ஏறுறதை விட்டுட்டாள்; எட்டு வகைச் சொல்லையும் காது குடுத்துக் கேட்டதில் எனக்குக் கிடைச்ச லாபம், பின்சீட்டில் ஒரு நௌன் குறைஞ்சதுதான்.