ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்

எனக்கு வாய் பெரிது. நான் வரப்பில் நின்று கத்தினால் சின்னாளபட்டி ரோட்டில் போகிற பஸ்ஸுக்குள்ளும் கேட்கும் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அந்தப் பாழாய்ப்போன வாய்தான் ஒரு நாள் சும்மா இருந்துவிட்டது.

எங்கள் தோட்டத்தில் கத்தரி. வரப்புக்கு அந்தப் பக்கம் மல்பெரி. அந்தத் தோட்டத்துக்காரி எனக்கு நாத்தனார் முறை. பட்டுப்புழு வளர்த்துத்தான் அவள் பிழைப்பு. மருந்து பட்ட தழையைத் தின்றால் பட்டுப்புழு பிழைக்காது. அதனால் கத்தரிக்கு மருந்தடிக்கும் முதல் நாள் சாயங்காலம் நான் சத்தம் கொடுப்பேன். "ஏத்தா, நாளைக்கு மருந்து அடிக்கப் போறோம், தழைய வெட்டிக்க!" அவள் வரப்போரத் தழையை அன்றைக்கே வெட்டிக்கொள்வாள். பிறகு பல நாள் அந்தப் பக்கம் அரிவாள் வைக்க மாட்டாள்.

போன வருஷம் என் வீட்டுக்காரர் போனில் ஒரு ஆப் போட்டார். செயற்கை நுண்ணறிவாம். இலையைப் படம் பிடித்துக் காட்டினால் என்ன புழு, என்ன மருந்து, காற்று எப்போது அடங்கும், எல்லாம் சொல்லும். ட்ரோனையும் அதுவே வரச்சொல்லும். "நம்ம ரெண்டு பேரு மூளையச் சேத்தாலும் இதுக்குக் காணாதுடி" என்றார்.

கத்தரி இலையைக் காட்டியதும், மறுநாள் விடியற்காலை மருந்தடிக்கச் சொன்னது. ட்ரோன்காரர் வந்தார். அரை நாள் வேலை, டீ ஆறுவதற்குள் முடிந்தது. கையில் ஒரு சொட்டு மருந்து படவில்லை என்று எனக்கு அம்புட்டு சந்தோஷம். அது வரப்போரம் திரும்பும்போது அதன் றெக்கைக் காற்று மருந்தைப் புகையாக அந்தப் பக்கம் தள்ளியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தும் உறைக்கவில்லை.

அடுத்த நாள் நாத்தனார் வந்து கூப்பிட்டாள். புழுக் கொட்டகைக்குள் போனேன். கூடு கட்ட இன்னும் மூன்றே நாள். விரல் மொத்தத்துக்கு வளர்ந்த புழுக்கள். தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டு பச்சையாகக் கக்கிக்கொண்டிருந்தன. அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல மதினி" என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தனை சென்ட்டு, என்ன பயிரு, எல்லாம் கேட்டுச்சு. பக்கத்துல என்ன இருக்குன்னு கேக்கலயே."

"அது கேக்கல, சரி. உங்களுக்கும் எனக்குமா தெரியாது?" என்று கத்தினேன். கத்த வேண்டிய நேரத்தில் கத்தாமல், அப்போது கத்தி என்ன புண்ணியம்?

அந்த நஷ்டத்தோடு அவள் மல்பெரியை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டாள். இப்போது மில் வேலைக்குப் போகிறாள்.

இந்த வருஷமும் கத்தரிதான். நாளைக்கு அடிக்கலாம் என்று போன் சொன்ன அன்று சாயங்காலம், என் கால் தானாக வரப்புக்குப் போனது. மில் வேனிலிருந்து இறங்கி அவள் நடந்து வந்துகொண்டிருந்தாள். தொண்டை கிழியக் கத்தினேன். "ஏத்தா, நாளைக்கு மருந்து அடிக்கப் போறோம்!"

அவள் நின்றாள்.

"எதுக்கு மதினி இம்புட்டுச் சத்தம்? வெட்டுறதுக்கு இங்க என்ன இருக்கு?"